எழுபத்தொன்றாவது மைல்

கருங்காட்டுவலசில் பழனாத்தாளின் கிணற்றுக்குள் விட்ட வாளி அடிப்பாறையைத் தொட்ட பிறகும் நிற்காமல் இறங்கத் தொடங்கியது ஒரு சித்திரை மாதம் என்றால், அதற்கு முந்தின பங்குனியில்தான் ரூபவதி ஒரு ஜீப் நிறையச் சாமான்களோடு அந்த ஊருக்குள் வந்து இறங்கினாள். கரூருக்குத் தெற்கே, மேகங்கள் எப்போதும் வேறு எங்கோ போகிற அவசரத்தில் கடந்துபோகும் அந்த வானம் பார்த்த காட்டில், முருங்கையும் சின்ன வெங்காயமும் எருமைகளும் நாற்பத்தேழு வீடுகளும் இருந்தன. தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு இருந்தது. கிணறுகளில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மோட்டார் ஓடுகிற அளவுக்குத் தண்ணீர் இருந்தது. அரை மணி நேரம் ஓடியதும் மோட்டார் காற்றைக் குடித்துக் கத்தும், அந்தக் கத்தலைக் கேட்டு யாராவது ஓடிப்போய் நிறுத்துவார்கள், ஊரின் காலைப்பொழுது அப்படித்தான் ஒவ்வொரு தோட்டமாக முடியும்.

ரூபவதிக்கு அப்போது முப்பத்துநாலு வயது. நாசரேத்துப் பக்கம் பிறந்து, வெளியூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவள். நாம் நடக்கிற மண்ணுக்கும் பாறைக்கும் கீழே, மேலோடு முடிந்த இடத்தில், கவசம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் பச்சைக்கல்லின் உலகம் ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு சூடாக இருக்கிறது, எங்கே உருகுகிறது, எங்கே ஈரமாக இருக்கிறது என்பதுதான் பதினோரு வருஷமாக அவள் கேட்டுவந்த கேள்வி. அங்கே யாரும் போனதில்லை. மனிதர்கள் போட்ட ஆழமான துளைகூட அதன் தலைமாட்டை எட்டியதில்லை. ஆனால் சூரியனில் அடிக்கிற புயல் பூமியின் காந்தத்தைச் சிலிர்க்க வைக்கிறது, அந்தச் சிலிர்ப்பு மண்ணுக்குள் மெல்லிய மின்சாரமாக இறங்குகிறது, வேகமான சிலிர்ப்பு மேலேயே தங்கிவிட, மெதுவான சிலிர்ப்பு வெகு ஆழத்துக்குப் போகிறது. நிலத்தின் நான்கு மூலைகளில் அந்த மின்சாரத்தை உணரும் குடுவைகளைப் புதைத்து, ஒயரால் இணைத்து, நடுவில் காந்தச் சுருளையும் புதைத்துவிட்டு நாள்கணக்காகக் காத்திருந்தால், எந்த ஆழத்தில் கரண்ட் சுலபமாக ஓடுகிறது, எந்த ஆழத்தில் திணறுகிறது என்று தெரியும். வறண்ட கல் கரண்ட்டைத் தடுக்கும். உருகத் தொடங்கிய கல் விடும். கண்ணுக்கு ஒரு சொட்டுகூடத் தெரியாமல் கல்லின் அணுக்களுக்கு நடுவே நீர் சிறைப்பட்டிருந்தால், அந்தக் கல்லும் விடும்.

பழனாத்தாளின் புஞ்சைக்காடு சமதளமாக இருந்ததால் அதையே ரூபவதி தேர்ந்தெடுத்தாள். பழனாத்தாளுக்கு நாற்பத்தெட்டு வயது, புருஷன் போய்ப் பத்து வருஷம், மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். ஊரிலேயே முதலில் வற்றிய கிணறு அவளுடையது என்பதால் அவளிடம் மோட்டார்கூட இல்லை, விற்றுவிட்டாள். குடுவைகளைச் சுற்றி மண்ணை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் ஒயரோடு பேசாது என்று ரூபவதி தயங்கிச் சொன்னபோது, அவள் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டிலிருந்த நாலு குடத்தில் மூன்றைக் கொண்டுவந்து குழிகளில் ஊற்றினாள்.

இரண்டு நாள் பதிவு வீணாகப் போனது. ஊரின் மோட்டார்களும் மின்கம்பிகளும் மண்ணுக்குள் போடுகிற இரைச்சலில், ஆழத்திலிருந்து வருகிற அந்த மெல்லிய சமிக்ஞை சந்தையில் தொலைந்த பிள்ளையின் குரலாகக் காணாமல் போனது. மூன்று நாள், முழுசாக மூன்று நாள், ஊரில் கரண்ட்டே இருக்கக் கூடாது. ரூபவதி ஊராட்சித் தலைவர் சென்னியப்பனைப் போய்ப் பார்த்தாள். அவர் நிதானமான மனிதர், எதற்கும் உடனே பதில் சொல்லாதவர். ஊரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மறுநாள் காலை பால் சொசைட்டி வாசலில் ஆட்களைக் கூட்டினார்.

மண்ணுக்குள் வெங்காயம் காய் திரளுகிற சமயம் அது. மூன்று நாள் அரை மணி நேரத் தண்ணீரும் இல்லையென்றால் காய் சிறுத்துப்போகும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ரூபவதி சூரியப் புயலைச் சொன்னாள், காந்தத்தைச் சொன்னாள், பச்சைக்கல்லைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, எதிரே இருந்தவர்களின் பார்வை அவள் முகத்தை விட்டு மெல்லத் தங்கள் தோட்டங்களின் பக்கம் திரும்புவதை அவள் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிஷம் போனால் அவர்கள் மரியாதையாக மறுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அப்போதுதான் பழனாத்தாள் கேட்டாள்.

"அங்க தண்ணி இருக்குதுங்களா, அம்மிணி?"

"இருக்கும்னுதான் நினைக்கிறோம்" என்றாள் ரூபவதி.

அது பொய்யில்லை. அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது: அது குடிக்கிற தண்ணீர் இல்லை, எடுக்கிற தண்ணீர் இல்லை, கல்லிலிருந்து யாராலும் பிரிக்க முடியாத தண்ணீர் என்று. அந்த வாக்கியம் அவள் நாக்கு வரைக்கும் வந்தது. எதிரே நாற்பது முகங்கள் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பியிருந்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஊர் சம்மதித்தது. லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரில் ப்யூஸைப் பிடுங்கினார். மூன்று நாள் கருங்காட்டுவலசில் ஒரு மோட்டாரும் கத்தவில்லை, ஒரு ரேடியோவும் பாடவில்லை. வெங்காயத் தாள்கள் தலை கவிழ்ந்தன. ரூபவதியின் பெட்டிக்குள் அவள் ஆயுளிலேயே பார்த்திராத அளவுக்குத் துல்லியமான பதிவு விழுந்தது. நூற்றிருபது கிலோமீட்டர் ஆழத்தில் கோடு சட்டென்று மாறியது. அங்கே கரண்ட், தடுத்து நிறுத்திய கதவைத் திறந்துவிட்டதுபோல ஓடியது.

சாமான்களை ஏற்றும்போது பழனாத்தாள் ஜீப்பருகே வந்து, கண்டுபிடித்தாயிற்றா என்று விசாரித்தாள். எழுபத்தைந்து மைல் கீழே கல் ஈரமாக இருக்கிறது, அநேகமாக அப்படித்தான் என்றாள் ரூபவதி. பழனாத்தாள் விரல்களில் கணக்குப் போட்டாள்.

"எழுவத்தஞ்சு மைலுன்னா கோயமுத்தூர் போற தூரம். பஸ்ஸுல மூணு மணி நேரம். அவ்வளவுதானுங்களே?"

ரூபவதி சிரித்தாள். அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தாள்.

சித்திரை பிறந்து நாலாம் நாள் பழனாத்தாள் தன் வற்றிய கிணற்றுக்குள் வாளியை இறக்கினாள். தொண்ணூறு அடியில் அடிப்பாறையும் அதன்மேல் கிடந்த முள்ளுக்கிளையும் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. வாளி பாறையைத் தொட்டது, ஒரு கணம் அசையாமல் இருந்தது, பிறகு கலங்கிய குளத்தில் அமிழ்வதுபோலப் பாறைக்குள் அமிழ்ந்து கீழே போனது. கயிறு கையில் தீருகிற வரைக்கும் விட்டுவிட்டு, நுனியை உருளைக் கம்பத்தில் கட்டிவிட்டு, அவள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்க் கயிறு இரவல் கேட்டாள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ரூபவதியம்மா சொன்னது சரிதான் என்றார்கள். மூன்று நாள் கரண்ட்டை நிறுத்தியதில் வெங்காயம் சிறுத்ததைப் பற்றி அதற்குப் பிறகு ஊரில் யாரும் பேசவில்லை. அடுத்த ஒரு வாரத்தில் ஊரிலிருந்த கயிறெல்லாம் கிணற்றுக்குள் போயிற்று: ஏற்றத்துக் கயிறு, எருமைக் கயிறு, தொட்டில் கயிறு, கொடிக்கயிறு. அதன் பிறகு தென்னைநாரிலும் கற்றாழைநாரிலும் முறுக்கினார்கள். சென்னியப்பன் முறை போட்டார். வீட்டுக்கு ஒரு நாள், அன்றைக்கு அந்த வீட்டார் கயிறு கொண்டுவந்து முடிந்து இறக்க வேண்டும். எத்தனை மைல் கயிறு தொங்கினாலும் கையில் தெரிந்த கனம் ஒரு வெற்று வாளியின் கனம்தான். அதனால் பிரசவம் ஆகிச் சில நாளே ஆன பெண்களும் கண் மங்கிய கிழவர்களும்கூட முறைக்கு வந்தார்கள்.

நாலாவது மைல்வரைக்கும் காலனிக்காரர்களின் கயிற்றை ஊர் வாங்கவில்லை. நாலாவது மைலில் நார் தீர்ந்துபோய் வாளி ஒன்பது நாள் ஒரே இடத்தில் தொங்கியது. பத்தாம் நாள் காலனியிலிருந்து மாரியாயி என்கிற பெண் தலையில் ஒரு கயிற்றுச் சுருளோடு வந்து கிணற்றுமேட்டில் நின்றாள். பழனாத்தாள் அதை வாங்கி முடிந்தாள். பாறைக்குள் போன கயிற்றில் எந்த முடிச்சு யாருடையது என்று சொல்ல யாராலும் முடியவில்லை, ஐந்தாவது மைலுக்குப் பிறகு யாரும் சொல்ல முயலவும் இல்லை.

ஏழாவது மைலில் கயிறு, காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிபோல வெதுவெதுப்பானது. இருபத்தைந்தாவது மைலில், கையில் பிடித்தால் ஒரு மெல்லிய அதிர்வு தெரிந்தது, மேலோடு முடிந்துவிட்டது என்று ரூபவதி பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். கல்யாணச் சீரில் பாத்திரங்களோடு நூறு முழம் கயிறும் சேர்ந்தது. கைக்குழந்தைகளின் வயதை மைலில் சொன்னார்கள். பதினெட்டாவது மைலில் பிறந்தவன், முப்பதாவது மைலில் பல் முளைத்தவள். பஞ்சம் பிழைக்கத் திருப்பூருக்குப் போனவர்கள் பனியன் கம்பெனியில் கழித்த வேஸ்ட் துணியைக் கயிறாகத் திரித்து, சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். திருவிழாவுக்கு வந்தால் முதலில் கிணற்றுமேட்டுக்குத்தான் போனார்கள், கயிற்றை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் சாமிக்குப் போனார்கள்.

இதெல்லாம் ரூபவதிக்குத் தெரியாது. அவளுடைய கட்டுரை வந்தது, பேர் வந்தது, வெளிநாட்டு அழைப்புகள் வந்தன. இரண்டாவது வருஷம் அவள் மேஜைக்கு ஒரு கடிதமும் வந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தில் கருங்காட்டுவலசின் பெயரும் இருந்ததாகவும், தங்கள் ஊருக்கு அடியில் தண்ணீர் இருப்பதாகவும் அதை நோக்கி வேலை நடப்பதாகவும் அதனால் குழாயை இன்னும் அவசரமான ஊருக்குக் கொடுக்கலாம் என்றும் ஊராட்சி தீர்மானம் போட்டிருப்பதாகவும், தீர்மானத்தில் அவள் பெயர் சொல்லப்பட்டிருப்பதால் முப்பது நாளுக்குள் அதை உறுதிசெய்யவோ மறுக்கவோ வேண்டும் என்றும், ஓர் அதிகாரி எழுதியிருந்தார்.

கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள். இதைக் கடிதத்தில் எழுத முடியாது, நேரில் போய் அவர்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், நினைத்தது உண்மைதான். அடுத்த வாரம் ஒரு மாநாடு இருந்தது. திரும்பி வந்ததும் ஊருக்குப் போகலாம் என்று கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்தாள். வந்த பிறகு வேறொன்று இருந்தது. முப்பது நாள் முடிந்தது, பிறகு முன்னூறு நாள் முடிந்தது. குழாய் வேறு பக்கம் திரும்பிப் போனது. ஒவ்வொரு முறை இழுப்பறையைத் திறக்கும்போதும் அந்தப் பழுப்பு உறையைப் பார்த்துவிட்டு, தேடியதை எடுத்துக்கொண்டு மூடினாள்.

அவள் கருங்காட்டுவலசுக்கு மறுபடி போனது ஐந்தாவது வருஷம் முடிந்து ஆறாவது வருஷத்து மாசியில். யாரும் கூப்பிடவில்லை. ஜீப்பும் கேட்கவில்லை, பஸ்ஸில் போனாள். ஊர் எல்லையில் முருங்கைகள் விறகாகி நின்றன. நாற்பத்தேழு வீட்டில் இருபத்தொன்று பூட்டியிருந்தது. பால் சொசைட்டியில் பால் இல்லை, ஆட்டுப் புழுக்கை இருந்தது. ஆனால் கிணற்றுமேட்டில் ஆட்கள் இருந்தார்கள்; அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்; உட்கார நாற்காலி கொண்டுவந்தார்கள்; எழுபத்தொன்றாவது மைலில் இருக்கிறோம் என்று சொன்னார்கள்.

பழனாத்தாள் மிகவும் இளைத்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய் விரல் முழுசாக மடங்கவில்லை. ரூபவதியின் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கயிற்றின்மேல் வைத்தாள்.

"அறுவதாவது மைல்ல இருந்து இப்படித்தானுங்க அம்மிணி. தொட்டுப் பாருங்க."

கயிறு வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. வியர்வை ஈரமில்லை அது. ரூபவதி கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள், மழை என்ற ஒன்றைக் கண்டேயிராத, மேகமாக ஒருநாளும் இருந்திராத ஒரு நீரின் வாசனை அதில் இருந்தது. பதினாறு வருஷமாக அவள் கோடுகளிலும் எண்களிலும் மட்டுமே சந்தித்துவந்த ஒன்று அவள் கைரேகைகளில் மினுங்கியது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொள்ளவில்லை. நெடுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் சென்னியப்பன் அவளைப் பார்க்க வந்தார். அவருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. போன ஐப்பசியில் அவருடைய மருமகள் கோகிலா, தண்ணீருக்காக இரண்டு மைல் தள்ளிக் கைவிட்ட கல்குவாரிக் குழிக்குள் குடத்தோடு இறங்கும்போது வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று ரூபவதிக்குப் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார்கள். தோட்டக் கிணறுகளும் ஒவ்வொன்றாக வற்றிப்போனதிலிருந்து ஊர் குடித்தது அந்தக் குழித் தண்ணீரைத்தான். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"அந்தக் குழாய் ஆபீஸ் கடுதாசி உங்களுக்கு வந்துச்சுங்களா, மேடம்?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம்.

"வந்தது" என்றாள்.

சென்னியப்பன் தலையை ஆட்டினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்து மடியில் வைத்தார்.

"வராம போயிருக்கும்னு ஊர்ல சொல்லி வெச்சிருந்தனுங்க" என்றார்.

அதற்கு மேல் அவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. குழாய்த் திட்டத்தில் மறுபடி ஊர்ப் பட்டியல் எடுக்கிறார்கள், பன்னிரண்டு நாளில் மூடிவிடுவார்கள், பழைய தீர்மானம் கோப்பில் இருப்பதால் கருங்காட்டுவலசைச் சேர்க்க மறுக்கிறார்கள், அந்தம்மா எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ரூபவதி ஊரார் முன்னால் நின்று, ஆறு வருஷத்துக்கு முன் அதே இடத்தில் விழுங்கிய வாக்கியத்தைச் சொன்னாள். அந்தத் தண்ணீர் கல்லோடு கல்லாக இருக்கிறது என்றாள். ஒரு மலையையே இடித்து உருக்கினாலும் வயல் நனையாது என்றாள். தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றாள். பாறைக்குள் வாளி இறங்கும் என்றுகூட நீங்கள் அன்றைக்குச் சொல்லவில்லையே, ஆனால் இறங்கியதே என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். குழித் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டார் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். இன்னும் நாலே மைல் என்றார்கள் மற்றவர்கள். ஊர் அப்படி இரண்டாகப் பிரிந்து நின்றதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பழனாத்தாள் ஒரு பக்கமும் பேசவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ரூபவதியிடம் வந்தாள்.

"ஆறு மாசம் பொறுங்க, அம்மிணி. நானே முறுக்கிப்போடுவேன். ஊர்ல ஒருத்தரும் வர வேண்டாம்."

ரூபவதி கரூருக்குப் போனாள். முதலில் உள்ளது உள்ளபடி எழுதினாள்: நூற்றிருபது கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குள் நீர்க்கூறு உண்டு, மனிதப் பயன்பாட்டுக்கு உதவாது என்று. அதிகாரி நல்லவர்தான், வயதில் சின்னவர், இரண்டு தரம் படித்தார். நீர் உண்டு என்ற சொல் இருக்கிறவரைக்கும் இந்தக் கோப்பு மேலே போகாது, மேலே இருப்பவர்கள் ஆழம் பார்க்க மாட்டார்கள், முன்னாலேயே இதை எழுதியிருந்தால் விளக்கம் கேட்டு வாங்க நேரம் இருந்திருக்கும் என்றார். இப்போது ஒரு வரி போதும் என்றார். இல்லை என்று ஒரு வரி.

அவள் மூன்று நாள் அந்த ஊர் விடுதியில் தங்கினாள். கைவிரல்களை அடிக்கடி முகர்ந்து பார்த்தாள். நாலாம் நாள் நிறுவனத்தின் முத்திரை போட்ட தாளில், கருங்காட்டுவலசின் அடியில் எந்த ஆழத்திலும் தண்ணீர் இல்லை, முந்தைய ஆய்வு முடிவு தவறானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதல் தடவை உண்மையைச் சொல்லி ஏமாற்றியவள், இந்தத் தடவை பொய்யைச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறேன் என்று தன்னையே தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேறவில்லை. அவள் கண்டுபிடித்ததில் அதுதான் மிகப் பெரியது. அதைவிட, அது நிஜம் என்று தொட்டுப் பார்த்து அறிந்தவர்கள் உலகத்திலேயே அந்த ஊர்க்காரர்களும் அவளும் மட்டும்தான்.

நகலை வாங்கிக்கொண்டு அவளே ஊருக்குப் போனாள். சென்னியப்பன் அதைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார். எந்த ஆழத்திலும் என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் நின்று, பிறகு போனது.

அப்போது கிணற்றுமேட்டில் மாரியாயியின் முறை. கயிறு சட்டென்று அவள் கையில் விறைத்தது. அவள் விட்டுப் பார்த்தாள், இறங்கவில்லை. இழுத்துப் பார்த்தாள், ஏறவும் இல்லை. ஆட்கள் ஓடிவந்து பத்துப் பேராக, இருபது பேராகச் சேர்ந்து இழுத்தார்கள். தொண்ணூறு அடியில் பாறை பாறையாக இருந்தது. கயிறு, கல்லில் முளைத்த ஒரு காய்ந்த கொடிபோல அதிலிருந்து நேராக மேலே வந்தது. ஊர் ஆறு வருஷமாக முறுக்கிய எழுபத்தொரு மைலும், எருமைக் கயிறும் தொட்டில் கயிறும் சீர்க்கயிறும் திருப்பூர்த் துணியும், பாறைக்குள் சிக்கிக்கொண்டன. ஒரு மணி நேரத்தில், மேலே இருந்த தொண்ணூறு அடியும் வெயிலில் காய்ந்து மொடமொடத்தது.

யாரும் அழவில்லை. சாவு விழுந்த வீட்டுக்கு வந்தவர்கள்போலக் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது சாய்வதற்கு முன்னால் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் பழனாத்தாளும் ரூபவதியும் இருந்தார்கள். பழனாத்தாள் கயிற்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு உருளைக் கம்பத்திலிருந்து முடிச்சை அவிழ்க்க முயன்றாள். விரல் மடங்காததால் முடியவில்லை. ரூபவதி உதவிக்குக் குனிந்தாள். பழனாத்தாள் அவள் கையை மெதுவாக, கோபமில்லாமல், விலக்கிவிட்டாள்.

"ஈரமா இருந்துச்சு. நீங்களும் தொட்டீங்க" என்றாள்.

"தொட்டேன் அக்கா."

"அப்புறம் எதுக்குங்க இல்லைன்னு எழுதுனீங்க?"

கோகிலாவைச் சொல்லலாம் என்று ரூபவதிக்குத் தோன்றியது. பிள்ளைகளைச் சொல்லலாம், பன்னிரண்டு நாளைச் சொல்லலாம். எல்லாம் நியாயமான காரணங்கள். அந்தக் காரணங்களெல்லாம் இழுப்பறைக்குள் கிடந்த ஓர் உறையிலிருந்து வந்தவை என்பதால் அவளால் ஒன்றையும் எடுத்து வெளியே வைக்க முடியவில்லை. பழனாத்தாள் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.

குழாய் வர இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷத்தில் ரூபவதியின் நிறுவனம் அவளிடம் விளக்கம் கேட்டது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தாளில் எது சரி என்று அவளால் எழுத முடியாமல், வேலையை விட்டுவிட்டு நாசரேத்துக்குத் திரும்பி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தாள். கட்டுரையை எல்லாரும் மறந்தார்கள். வேறொரு நாட்டில் வேறொருவர், வேறொரு நிலத்தின் அடியில் அதே ஈரத்தைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கினார்.

குழாய் வந்துவிட்டது என்று சென்னியப்பன் ஒரு தபால் கார்டு போட்டிருந்தார். வரச்சொல்லி எழுதவில்லை. அவள் போனாள்.

ஊர் நடுவில் சிமெண்ட் மேடை கட்டி இரண்டு குழாய் வைத்திருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர். பதினெட்டு வீட்டார் குடம் வைத்து நின்றார்கள். பூட்டியிருந்த வீடுகள் திறக்கவில்லை. திருப்பூருக்குப் போனவர்கள் அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிவிட்டார்கள், திருவிழாவுக்கு வந்தாலும் அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறார்கள் என்று மாரியாயி சொன்னாள். தண்ணீர் நல்ல தண்ணீர். குடத்தில் விழுகிற சத்தம் தெருக்கோடிவரைக்கும் கேட்டது. குழாய் வந்த பிறகு வயிற்றுப்போக்கில் ஒருவரும் சாகவில்லை என்றும் மாரியாயிதான் சொன்னாள்.

பழனாத்தாள் வரிசையில் நின்றிருந்தாள். அவள் முறை வந்ததும் குடத்தைப் பிடித்தாள், நிரம்பியதும் யாரோ தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார்கள். மேடையை விட்டு இறங்கி வந்தவள் எதிரே வெயிலில் நின்ற ரூபவதியைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். கண் பார்வை அவளுக்கு மங்கவில்லை; ஞாபகமும் தெளிவாகத்தான் இருந்தது, அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் யார் யார் எந்த மைலில் பிறந்தார்கள் என்று வரிசையில் யாருக்கோ சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடத்தை இறக்கி வைத்தாள். மேடையிலிருந்த சொம்பை எடுத்து அதில் தண்ணீர் மொண்டு, தூரத்திலிருந்து வந்த யாருக்கும் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள். ரூபவதி வாங்கி, சொம்பு காலியாகிறவரைக்கும் குடித்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள் பழனாத்தாள், மிகுந்த மரியாதையோடு. "உங்களுக்கு எந்த ஊருங்க?"